யாருக்காச்சும் முடியலையா?

ஜீப் சமவெளியை விட்டு மலைக்கு மூக்கைத் தூக்கியதும் அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்குவார். விடிந்தும் விடியாத வெளிச்சம். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் எதிரெதிர்ப் பலகைகளில் முழங்கால் முட்ட நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டுக்கட்டு, மடியில் தூக்குச்சட்டி. பாதித் தூக்கத்தில் இருப்பவர்களையும் அவர் விடமாட்டார்.

"யாருக்காச்சும் முடியலையாத்தா? தல சுத்துதா? ஏடி செல்வி, ஒனக்கு என்ன மூஞ்சி வெளிறிக் கெடக்கு?"

குரலில் இரக்கம் இருக்காது. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர்களின் குரல் அது. யாராவது ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு தலையைச் சாய்த்துவிட்டால் போதும், அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவும். முதல் நாள் அந்த நிம்மதியைப் பார்த்தபோது எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

நான் தோட்ட வேலைக்குப் போனவள் அல்ல. இப்போது பெரியகுளத்தில் ஒரு பள்ளியில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டேன். அந்த நாட்களில் பி.எட். முடித்தும் கம்பத்தில் வேலை கிடைக்காமல், மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் ஒரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிக டீச்சராகப் போய்க்கொண்டிருந்தேன். பள்ளி நேரத்துக்குத் தோதாகப் பஸ் இல்லை. அதனால் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. இடம் என்றால் அரை இடம். ஆட்டுச் சந்தைக்குப் போகும் வண்டியில்கூட ஆடுகளுக்குத் திரும்பிக்கொள்ள வசதி இருக்கும். டிரைவர் முருகேசனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாக அந்த மலையை ஏறுவான். வளைவுக்கு வளைவு எனக்கு உள்ளங்கால் கூசும். ஆனால் வாயைத் திறக்கமாட்டேன்.

அவர் உட்காருவது எப்போதும் பின்பக்கத் திறப்போரம். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். மடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் பாலிதீன் பைகள், எலுமிச்சம்பழம், ஓமத்திரவம், சோப்பு டப்பாவுக்குள் நனைத்து மடித்த துணி. முதல் நாள் இரண்டாவது வளைவிலேயே பழத்தை நகத்தால் கீறி என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மோந்துக்கங்க டீச்சர். புதுசுல்ல, பெரட்டும்."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா."

"இப்ப இல்ல. இன்னும் ரெண்டு வளைவுல வரும்."

"வராது."

வந்தது. தொண்டை வரை வந்ததை நான் விழுங்கினேன். எங்கள் வீட்டு ரத்தம் அப்படி. அடுத்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக்கூட யோசிக்கிறவர் என் அப்பா. 'கை நீட்டினால் தலை குனியணும்' என்பதைச் சோற்றோடு ஊட்டி வளர்த்தார். நான் பழத்தை வாங்கிக்கொள்ளாததும் அக்காவின் முகம், இலையில் உட்கார்ந்தவரை எழுப்பிவிட்டது போல ஆகிவிட்டது. நல்லவேளை, அதற்குள் என் பக்கத்தில் இருந்த பாண்டியம்மா "ஆத்தா" என்று முனகிச் சரிந்தாள். அக்கா அவளை வாரி எடுத்துக்கொண்டார்.

அவர் பிடிப்பதைப் பார்க்கவேண்டும். இடது கையால் தோளைச் சுற்றி, வலது உள்ளங்கையை நெற்றியில் குறுக்காக வைத்து, தன் உடம்பையே திறப்புக்குத் தடுப்பாக்கிக்கொள்வார். ஆறுதல் வார்த்தை ஒன்றும் கிடையாது. "கக்குடி, கக்கு. உள்ள வச்சு மாலையா கட்டப்போற?" என்று ஏசுவார். மேலே போய்ச் சேரும்வரை அந்தக் கை நெற்றியை விட்டு நகராது. அவர் கண்ணும் மடியில் கிடக்கும் தலையை விட்டு அங்கே இங்கே போகாது.

"இவுகளுக்கு ஒருத்தி கக்குனாத்தான் காப்பி எறங்கும் டீச்சர்" என்று செல்வி சிரிப்பாள். ஜீப்பே சிரிக்கும். அக்காவும் சிரிப்பார்.

மலையில் இப்படி இருக்கிறவர் கீழேயும் அன்னபூரணியாகத்தானே இருக்கவேண்டும்? அங்கேதான் எனக்குக் குழப்பம். அவர் வீடு எங்கள் தெருவுக்குப் பின்தெரு. வாசலில் செழிப்பான கறிவேப்பிலை மரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் ஓர் இணுக்குக் கேட்டு வந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

"இன்னைக்கு நீ, நாளைக்கு அவ. மரம் மொட்டையாப் போச்சுன்னா ஒங்க ஆத்தா வந்து எலைய ஒட்டவைப்பாளா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்.

கோயில் அன்னதானத்துக்குக் கேட்டு வந்தவர்களையும் விடவில்லை. "நானே அன்னத்துக்குத்தான் மல ஏறுறேன், எனக்கு யாரு தானம் பண்றா?" என்று திருப்பி அனுப்பினார். தெருவில் அவருக்குக் கஞ்சம் என்று பெயர். ஜீப்பில் ஏறினால் தர்மதேவதை. இதில் எது அவர் என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு ஒன்று பிடிபடவில்லையென்றால் கோபம் வரும். இரக்கத்தை இப்படி ஆளுக்கு முன்னால் காட்டுகிறார், பார்க்க ஆளில்லாத இடத்தில் சுருட்டி வைத்துக்கொள்கிறார் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அது தப்பு என்று தெரிந்தது ஒரு மாசி மாதக் காலையில். ஊரில் கோயில் திருவிழா. தோட்டப் பெண்கள் பெரும்பாலும் வேலைக்கு வரவில்லை. ஜீப்பின் பின்பக்கம் நானும் அக்காவும் மட்டும். முன்னால் முருகேசனும் ஒரு மேஸ்திரியும். மலையில் மஞ்சு இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் சாலை இல்லை. மேலே எங்கிருந்தோ லாரி ஹாரன் மட்டும் இறங்கி வந்துகொண்டிருந்தது.

"டீச்சர், தல வலிக்குதா?"

"இல்லக்கா."

"வயித்தப் பெரட்டலையா?"

"இல்ல."

"லேசாக்கூடவா?"

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன்ல!"

கத்திவிட்டேன். அவர் மேலே வளைந்து ஓடும் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வளைவு வந்தது. முருகேசன் ஒடித்தான். எதிரில் மஞ்சைக் கிழித்துக்கொண்டு ஒரு லாரியின் முகம் வந்து, உரசாத குறையாகப் போனது. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் குளிரில் அவர் கழுத்து வழியே வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. விரல் கணுக்கள் வெளுத்துக் கிடந்தன. கண்களை இறுக்கி மூடியிருந்தார். பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. நெஞ்சுவலிதான் என்று பயந்துபோனேன்.

"முருகேசா, வண்டிய நிப்பாட்டு!"

அக்கா தலையை மட்டும் வேகமாக ஆட்டினார். "வேணாம், வேணாம். நிப்பாட்டுனா இன்னும் நல்லாத் தெரியும்."

"எது தெரியும்?"

"பள்ளம்."

மேலே எல்லையில், டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி சொன்னார். மலை ஏற வந்த நாளிலிருந்தே அந்தப் பயம். முதல் நாள் பயத்தில் சேலையை நனைத்துவிட்டாராம்.

"அப்புறம் ஏன்க்கா வர்றீக?"

"மக தேனியில நர்சு படிப்புப் படிக்கிறா. கீழ வருசத்துல பாதி நாளு வேலை இல்ல. பயமா இருக்குன்னு வீட்டுல ஒக்காந்தா பயமா சோறு போடும்?" ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "ஒரு நா பக்கத்துல இருந்த பிள்ளைக்கு வாந்தி. வேற யாரும் பிடிக்கல, நான் பிடிச்சேன். மேல வந்து எறங்குனப்புறந்தான் ஒறைச்சுச்சு, அன்னைக்கு நான் பள்ளத்தப் பாக்கவே இல்லைன்னு. அதுல இருந்து அப்படியே பிடிச்சுக்கிட்டேன். ஒரு தல என் தோள்ல கெடந்தாப் போதும் டீச்சர், ரோடு எங்கன போகுதுன்னே எனக்குத் தெரியாது. இதுல புண்ணியமும் இல்ல, புண்ணாக்கும் இல்ல. அவுகளுக்கு வாந்தி, எனக்கு மருந்து."

பிறகு என் கையைப் பிடித்து, "ஜீப்புல சொல்லீராதீக. சிரிப்பாளுக" என்றார்.

அன்று பள்ளியில் எனக்குப் பாடம் ஓடவில்லை. 'தர்மம் தலை காக்கும்' என்று நானே எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். எந்தத் தலையை என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. அக்கா மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. யாருக்கும் முடியாமல் போகாத ஒரு நாள் வந்தால் இந்த மனுஷி என்ன ஆவார்?

அதற்கு விடையைப் பாண்டியம்மா வைத்திருந்தாள். எனக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது. வாந்தி ஒரு நாள் செல்விக்கு, மறுநாள் பாண்டியம்மாவுக்கு, அதற்கு அடுத்த நாள் வேறொருத்திக்கு என்று வரிசை பிசகாமல் வந்துகொண்டிருந்தது. போனில் வீடியோ பார்த்துக் கெக்கலித்துக்கொண்டே வருகிறவள், முதல் வளைவு வந்ததும் போனை முந்தானையில் முடிந்துகொண்டு மயங்கிச் சரிவாள். இறங்கி நடக்கும்போது பாண்டியம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"கொமரியா இருந்ததுல இருந்து ஏறுற மல. எங்களுக்கு வாந்தி வருமா டீச்சர்? மேல மேயப் போற ஆடு வாந்தி எடுத்துப் பாத்திருக்கீகளா?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒரு நா யாருக்கும் ஒண்ணும் இல்லாமப் போச்சு. அன்னைக்கு அக்கா கெடந்த கெடையப் பாத்தோம். உசுரே போயிரும் போல இருந்துச்சு. நேராக் கேட்டா ரோசக்காரி, வேலைக்கே வரமாட்டாக. அதான் முறை வச்சிருக்கோம். வாய்க்காத் தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி. இன்னைக்கு செல்வி, நாளைக்கு நானு."

"அவுகளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா முடிஞ்சுச்சு. நடிப்புன்னு தெரிஞ்ச தலைய யாரு டீச்சர் பிடிப்பா?" என்றவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்க முறை எப்ப?"

"எனக்கு நடிக்கவெல்லாம் வராது."

"நல்ல டீச்சரு போங்க."

அதன் பிறகு அந்த ஜீப்பில் உட்காருவதே எனக்கு முள்ளின் மேல் உட்காருவதாகிவிட்டது. தன் பயம் யாருக்கும் தெரியாது என்று அக்கா நம்பினார். தங்கள் நடிப்பு அக்காவுக்குத் தெரியாது என்று அவர்கள் நம்பினார்கள். இரண்டு பக்கத்து வாயாலும் கேட்டுத் தெரிந்தவள் நான் ஒருத்தி. எவளாவது கொஞ்சம் மிகையாக முனகினால் போதும், இன்றைக்குக் குட்டு உடைந்துவிடும், நாளை முதல் இவர் இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கிச் சாகவேண்டியதுதான் என்று அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். செல்விக்கு நிஜமாகவே மசக்கை வந்த மாதங்களில் மட்டும் நிம்மதி. மற்றவர்களுக்கு முறையிலிருந்து விடுமுறை, அக்காவுக்கோ கொண்டாட்டம். வயிறு தெரியத் தொடங்கியதும் செல்வியை முன்சீட்டுக்கு மாற்றினார்கள். பின்னால் பழையபடி முறை ஓடியது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். மதியமே தோட்டங்களில் வேலையை நிறுத்திவிட்டார்கள். பள்ளியையும் விட்டுவிட்டோம். சாயங்காலத்துக்கு முன்பே ஜீப் இறங்கத் தொடங்கியது. மலையிலிருந்து வரும் தண்ணீர் சாலையைக் குறுக்கே கடந்து செம்மண்ணாக ஓடியது. அன்று முறைக்காரி யாரோ ஒரு சின்னப் பெண். அக்காவின் தோளில் கண்ணை மூடிக் கிடந்தாள். வளைவு ஒன்றைத் தாண்டியதும் எதிரில் லாரி. முருகேசன் இடது பக்கம் ஒதுக்கினான். ஒதுக்கிய இடத்தில் சாலை இல்லை. மழையில் ஊறிய ஓரம் அப்படியே சரிந்தது. ஜீப்பின் முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் இறங்க, அடிவயிறு பாறையில் மோதி உட்கார, வண்டி மூக்கைப் பள்ளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது.

"யாரும் அசையாதீக!" முருகேசனின் குரல் கீச்சிட்டது.

ஒரு நொடி மழைச் சத்தம் மட்டும். பிறகு முன்சீட்டிலிருந்து செல்வியின் அலறல். அவள் பக்கத்துக் கதவுக்கு வெளியே தரையே இல்லை.

லாரியிலிருந்து ஆட்கள் குதித்து ஓடி வந்தார்கள். பின்சக்கரங்களுக்கு முன்னால் கல்லைப் போட்டார்கள். மூட்டை கட்டும் கயிற்றை ஜீப்பின் பின்னால் மாட்டி லாரியில் கட்டினார்கள். நாலைந்து பேர் பின்பக்கத்தைப் பிடித்துத் தொங்கினார்கள். லாரி டிரைவர் மலையாளி. "ஓரோருத்தராயிட்டு எறங்கு! மெல்ல, மெல்ல!" என்று கத்தினார்.

அக்கா எழுந்து திறப்போரம் நின்றுவிட்டார். சின்னப் பெண்ணை முதலில் இறக்கினார். பிறகு ஒவ்வொருவராக. "கையக் குடு. அங்கன பாக்காத, என் மூஞ்சியப் பாரு. ம், கால வை." குரலில் நடுக்கம் துளி இல்லை. என் கையையும் பிடித்து இறக்கினார். அந்தக் கை சூடாக இருந்தது. எல்லோரும் இறங்கியதும் அவரும் இறங்கியிருக்கலாம். ஒரு எட்டுதான். அவர் திரும்பி, சரிந்து கிடந்த தளத்தில் முன்பக்கமாக இறங்கிப் போனார். சீட்டுக்கு மேல் குனிந்து செல்வியின் கக்கத்தில் கை கொடுத்தார். "வயித்தப் பத்தி நெனைக்காத, நான் பாத்துக்கிறேன். மேல ஏறு" என்று அவளைச் சீட்டு முதுகின் மேலாக இழுத்துப் பின்னால் தள்ளினார். பாண்டியம்மாவும் நானும் செல்வியை வாங்கினோம். முருகேசன் தன் பக்கத்துக் கதவு வழியாகச் சாலையில் குதித்தான்.

அவன் குதித்த அதிர்வில் ஜீப் முனகிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சரிந்தது. அக்கா முன்சீட்டின் முதுகில் போய் விழுந்தார். முன்கண்ணாடி அவர் முகத்துக்கு நேராக இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் மழையும், மழைக்குக் கீழே தென்னந்தோப்புகளும் வயல்களுமாகப் பள்ளத்தாக்கு முழுக்க விரிந்து கிடந்தது. அவர் கைகள் மேல்கம்பியைப் போய்ப் பற்றின. கண்கள் மூடிக்கொண்டன.

எனக்குப் புரிந்துவிட்டது. வண்டிக்குள் அவர் பிடிப்பதற்கு இனி ஆளில்லை.

"அக்கா, வாங்க! பின்னால வாங்க!" முருகேசன் கெஞ்சினான். கயிற்று முனை ஒன்றை அவர் பக்கம் வீசினான். அது அவர் தோளில் விழுந்து வழுக்கிப் போனது. பிடிப்பதற்கு அவர் கம்பியை விடவேண்டும். அவர் விடவில்லை. முருகேசன் ஏறப்போனான். லாரி டிரைவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கேறண்டா! ஆரும் கேறண்டா! கேறியா வண்டி போகும்!" பின்பக்கம் தொங்கியவர்களின் கால்கள் சேற்றில் வழுக்கிக்கொண்டிருந்தன. ஒரு கல் புரண்டது. அதன் சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது.

எல்லோரும் கத்தினோம். ஆத்தா என்றோம், அக்கா என்றோம், மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டோம். அக்காவின் உதடுகள் மட்டும் அசைந்தன. அப்போது பாண்டியம்மா எங்களைப் பார்த்தாள். முந்தானையை வாரிச் சுருட்டிக்கொண்டு நடுச்சாலையில் மழையில் உட்கார்ந்தாள்.

"ஏத்தா... நெஞ்ச அடைக்குதே! கண்ண இருட்டுதே! என்னயப் பிடிக்க ஆளில்லையே!"

இத்தனை காலம் பழகிய நடிப்பு. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஜீப்புக்குள்ளிருந்து, கண்ணைத் திறக்காமலே அக்கா பேசினார்.

"இன்னைக்கு ஒன் முறை இல்ல பாண்டியம்மா. நாளைக்குத்தான்."

பாண்டியம்மா வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், இந்த முறை நிஜமாக. அவர்களிடம் இருந்ததே அந்த ஒரு மருந்துதான். அது தீர்ந்துவிட்டது. தெரிந்தேதான் இவர் ஒவ்வொரு நாளும் அந்தத் தலைகளைப் பிடித்துக்கொண்டிருந்தாரா என்று நினைக்கக்கூட அப்போது நேரமில்லை. கயிறு கிர்ரென்று இழுபட்டது.

முறை இல்லாதவள் அந்தச் சாலையில் நான் ஒருத்திதான். ஜீப்பின் பின்பக்கப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நடிக்கத்தான் போனேன், சத்தியமாக. என்ன சொல்லவேண்டும், எப்படி முனகவேண்டும் என்றெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"அக்கா" என்றேன். "எனக்கு முடியல."

என் வாழ்க்கையில் நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. சொன்னதும் எனக்குள் ஏதோ அறுந்தது. அந்த மலையில் முதல் நாளிலிருந்து விழுங்கி வைத்த பயமெல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு ஏறியது.

"அக்கா, என்னயப் பிடிங்க. விழுந்துருவேன்."

அக்கா கண்ணைத் திறந்தார். கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். பொய்யையும் நிஜத்தையும் தரம் பிரித்துப் பழகிய கண்.

"டீச்சரா?"

பலகையின் மேலேயே குடல் வெளியே வருவது போல வாந்தி எடுத்தேன்.

"அடி ஆத்தே! நெத்தியப் பிடிங்கடி யாராச்சும்! எல்லாரும் மரமாட்டம் நிக்கிறாளுகளே!" என்று அவர் போட்ட சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது. கம்பியை எப்போது விட்டார் என்று நான் பார்க்கவில்லை. முழங்காலாலும் கையாலும் அந்தச் சரிவில் தவழ்ந்து வந்தார். நடுவில் ஒரு முறை சறுக்கினார். ஜீப் உறுமியது, ஆட்கள் கூச்சலிட்டார்கள். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் உள்ளங்கை என் நெற்றியில் வந்து பதிந்ததும் முருகேசனும் லாரிக்காரரும் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். இருவரும் சேர்ந்து சாலையில் விழுந்தோம். விழுந்த பிறகும் அந்தக் கை என் நெற்றியை விடவில்லை.

"கக்குங்க. இன்னும் இருக்கு. கக்குங்க" என்றார்.

நான் அழுதேன். எதற்கென்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் பிழைத்ததற்காகவும் இருக்கும், என்னை ஒருவர் அப்படிப் பிடித்துக்கொண்டதற்காகவும் இருக்கும்.

ஜீப் விழவில்லை. மறுநாள் கிரேன் வந்து தூக்கியது என்றார்கள். அக்கா இனி மலை ஏறமாட்டார் என்றும் பேசிக்கொண்டார்கள். ஆனால் திங்கட்கிழமை வேறொரு ஜீப் வந்து நின்றபோது மஞ்சப்பையோடு அவரும் நின்றார். வழக்கம்போலத் திறப்போரம் உட்கார்ந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாண்டியம்மா தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். குட்டு உடைந்த பிறகு எந்த முகத்தோடு மயங்கி விழுவது?

வண்டி மலையைத் தொட்டது. அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல அவர் கை மேல்கம்பிக்குப் போனது.

நான் எழுந்தேன். அந்த நெரிசலில் பாண்டியம்மாவை நகர்த்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் தலையைச் சாய்த்தேன். தோள் இறுகிக் கிடந்தது.

"நடிக்க வேணாம் டீச்சர்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"நடிக்கலக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

முதல் வளைவு வந்தது. முருகேசன் ஹாரன் அடித்துக்கொண்டே ஒடித்தான். கம்பியில் இருந்த கை இறங்கி வந்து என் நெற்றியில் உட்கார்ந்தது.

"அப்ப இன்னும் கொஞ்சம் இங்கன தள்ளி, நல்லாச் சாஞ்சுக்கங்க" என்றார்.

சாய்ந்துகொண்டேன். அன்றைக்குப் பள்ளம் எந்தப் பக்கம் வந்தது, எந்தப் பக்கம் போனது என்று எனக்கும் தெரியாது.